நேர் வண்டி, மாறும் வண்டி – 14: நான்கு மணிக்குள்

எந்த அறுவைப் பிரிவில் பயிற்சி வேண்டும் என்று வரிசைப்படுத்தி, மாலை நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டிய படிவம் காலை ஆறரைக்கே நிரம்பிவிட்டது. ‘அனுப்பு’ என்ற பச்சைப் பொத்தான் மட்டும் பாக்கி. தம்பியின் கட்டைவிரல் அதன் மேலே போய்ப் போய்த் திரும்பியது.

போன வாரம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதய அறுவைப் பிரிவின் தலைவர் தம்பியை வராந்தாவில் நிறுத்தி, "இருக்கறது ஒரே இடம். நீ எங்களை முதல்ல எழுதினா, நான் உன்னைத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் அம்மாவின் வாய்வழியாக அது தெருமுனை மருந்துக்கடைக்காரர் வரை போய்விட்டது.

போகாத செய்தி ஒன்று உண்டு. நான்கு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தை முதலாவதாக எழுதியவள் அக்கா. கிடைக்கவில்லை. இரண்டாவதாக எழுதியிருந்த பொது அறுவை கிடைத்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாததாலேயே யாருக்கும் மறக்கவில்லை.

சாப்பாட்டு மேசையின் நான்கு நாற்காலிகளிலும் கறுப்பு நூல் தொங்கியது. அலமாரிக் கைப்பிடி, ஜன்னல் கொக்கி, டீக் கோப்பையின் காது, எதுவும் தப்பவில்லை. அறுவை சிகிச்சை பழகுகிற இரண்டு பேர் இருக்கும் வீட்டில் முடிச்சு விழாத கைப்பிடி இருக்காது. வாரம் ஒருமுறை அம்மா கத்தரிக்கோலோடு வீட்டைச் சுற்றி வந்து அறுவடை செய்வாள்.

"துணி காயப்போடற கிளிப்பு வரைக்கும் வந்தாச்சு. ஒருநாள் நான் தூங்கும்போது என்னையும் நாற்காலியோட சேத்துத் தைச்சிடப் போறாங்க" என்றார் அப்பா. அவர் பஸ் பணிமனையில் நேரக் காப்பாளர். உலகத்தில் எதையும் வண்டிகளாகத்தான் பார்ப்பார்.

"அனுப்பிட்டியாடா?" என்றாள் அம்மா.

"நிரப்பிட்டேம்மா."

"நான் கேட்டது அனுப்பிட்டியான்னு."

"வாயில ரொட்டி இருக்கும்மா."

"நேர் வண்டி வந்து நிக்குது. பயல் படியில காலை வெச்சுக்கிட்டு யோசிக்கறான்" என்றார் அப்பா. "ஏறி உக்காந்தா ஆறு வருஷம், இறங்கற இடம் இதயம். நடுவுல நிறுத்தமே கிடையாது. உங்க அக்கா ஏறினது மாறும் வண்டி. நாலு வருஷம் பொது அறுவை, அப்புறம் வேணும்னா இறங்கி இன்னொரு மூணு வருஷ வண்டி. தலையைச் சுத்தி மூக்கைத் தொடற கதை. ஆனா அதுல ஒரு வசதி. நடுவுல இறங்கி டீ குடிக்கலாம்."

அக்கா நாற்காலிக் கையில் போட்டுக்கொண்டிருந்த முடிச்சை இழுத்தாள். நூல் இறுகியது.

"நாலு வருஷமா நான் டீதான் குடிச்சிட்டிருக்கேனாப்பா?"

அப்பா செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அம்மா எழுந்து தட்டுகளை அடுக்கினாள். தம்பி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பொத்தான் அப்படியே இருந்தது.

அப்பாவைத் தவிர மூன்று பேரும் ஒரே மருத்துவமனை. அம்மா அங்கே அறுவை அரங்கின் தலைமைச் செவிலியர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா வாசல் கேட்டில் நின்று ஒரு சட்டம் போட்டாள். "இந்தக் கேட்டுக்கு உள்ள நான் உன்னைப் பெத்தவ இல்லை. நான் சிஸ்டர், நீ டாக்டர். திட்டறதும் அந்த மரியாதையோடதான்." தம்பிக்கும் அதே சட்டம். கேட்டைத் தாண்டும்போது வாக்கியத்தின் நடுவில்கூட அம்மா மாறிவிடுவாள்.

இன்றைக்கும் அப்படித்தான். "மழை வர மாதிரி இருக்கு, குடையை ஏன்டா வெச்சுட்டு..." கேட் வந்தது. "...வந்தீங்க, டாக்டர்?"

பதினொரு மணிக்குப் பயிற்சி டாக்டர்கள் அறையில் கூட்டம். எல்லாருக்கும் அதே நான்கு மணிக் கெடு. அங்கே ஒரு சோபா. அதன் கால் ஒன்று முறிந்தபோது எலும்புப் பிரிவு முறைப்படி மாவுக்கட்டுப் போட்டு, தேதி எழுதி, கையெழுத்தும் இட்டிருந்தது.

அந்த சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தவன் நெட்டை. அவன் ஏற்கனவே எலும்பை எழுதி அனுப்பிவிட்டான்.

"காலையில எக்ஸ்ரே படத்துல எலும்பு ரெண்டா இருக்கும். சாயங்காலம் ஒண்ணா இருக்கும். இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன சந்தோஷம் வேணும்?"

"சுத்தியல், ரம்பம், துளை போடற மெஷின். நீங்க டாக்டரா தச்சரா?" என்றாள் பூனை. சத்தமில்லாமல் நடப்பதால் அவளுக்கு அந்தப் பேர். குழந்தைகள் அறுவைப் பிரிவுக்குப் போகிறவள்.

"தச்சன்தான். ஆனா நான் செஞ்ச சாமான் தானே நடந்து வீட்டுக்குப் போகுது, பாத்தியா?"

பூனை சிரித்தாள். "நான் போன வாரம் உதவிக்கு நின்னேன். பிறந்து ரெண்டு நாள் குழந்தை. குடல் என் சுண்டு விரல்ல பாதி. எங்க மேடம் தைக்கும்போது மூச்சுகூட விடலை. ஏன்னு கேட்டேன். ‘இந்தத் தையல் எழுபது வருஷம் தாங்கணும்மா’ன்னாங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"மூளை அறுவைக்குப் போறவன் எங்க?" என்றான் தம்பி.

"ஆபரேஷன் தியேட்டர்ல. நேத்துக் காலையில போனவன்."

"அவனுக்கு நான் எழுந்து நின்னு வணக்கம் சொல்லுவேன்" என்றான் நெட்டை படுத்தபடியே. "ஒரு இழை தள்ளிப் போனா அந்த ஆளுக்குப் பேச்சே போயிடும். தெரிஞ்சும் கையை உள்ள விடறானே! எனக்கு அந்த நெஞ்சு கிடையாது."

தம்பி இதயத்தைப் பற்றிச் சொன்னான். மூன்று மாதம் முன்பு தலைவர் பக்கத்தில் நின்று பார்த்தது. வால்வு மாற்றுவதற்காக நிறுத்தி வைத்த இதயம், பனிக்கட்டிக்குள் வைத்த பழம் மாதிரி ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தது. வேலை முடிந்ததும் தலைவர் ரத்தக்குழாயை அடைத்திருந்த ஒரு கவ்வியை எடுத்தார். இதயம் ஒரு முறை நெளிந்தது. அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி துடிக்க ஆரம்பித்தது.

"கைதட்டணும் போல இருந்தது. கையில உறிஞ்சு குழாய் இருந்ததால மானம் தப்பிச்சுது."

"பின்ன என்னடா? அமுக்கு பொத்தானை" என்றான் நெட்டை.

"பொது அறுவை பத்தி யாருமே பேசலையே" என்றாள் பூனை.

"அதுல பேச என்ன இருக்கு? எலும்பை நாங்க எடுத்துக்கிட்டோம், மூளையை அவன் எடுத்துக்கிட்டான், குழந்தையை நீ எடுத்துக்கிட்டே. எல்லாரும் எடுத்தது போக மிச்சம்தான் பொது அறுவை." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "டேய், உங்க அக்காவைச் சொல்லலடா."

"அவகிட்டயே சொல்லு. அப்புறம் அந்த சோபாவுக்குப் போட்ட கட்டு உனக்கும் போட வேண்டியிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். ஆனால் ‘மிச்சம்’ என்ற சொல் ஒன்றரை மணி சாப்பாட்டிலும் பல்லில் சிக்கிய நார் மாதிரி இருந்தது.

இரண்டு இருபதுக்கு அவசரப் பிரிவிலிருந்து அழைப்பு. இன்றைய முறை அக்காவும் தம்பியும்.

வந்திருந்தவர் ஒரு பெயின்டர். இரண்டாம் மாடி உயரத்தில் ஏணி சறுக்கி, இடது விலா அடிபட விழுந்திருக்கிறார். முகம் சாம்பல். ரத்த அழுத்தம் எழுபது. விரலில் மாட்டிய ஆக்சிஜன் கிளிப் எதையும் காட்டவில்லை.

தம்பி கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நகமெல்லாம் நீலம் பாரிச்சிடுச்சு டாக்டர்!" என்று கத்தினான்.

அக்கா குனிந்து பார்த்தாள். "அது பெயின்ட், டாக்டர். உதட்டைப் பாருங்க. கிளிப்பைக் காதுல மாட்டுங்க." மாட்டியதும் எண் வந்தது. அவளுடைய கை அதற்குள் வயிற்றின் மேல் இருந்தது. பிறகு சின்ன ஸ்கேன் கருவி. மண்ணீரலைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை. உள்ளே ரத்தம்.

"பெரிய ஸ்கேனுக்கு அனுப்பிடலாமா?"

"போய்ட்டு வர இருபது நிமிஷம். இவர்கிட்ட அந்த இருபது இல்லை. தியேட்டர்."

பொது அறுவைப் பிரிவின் பெரிய டாக்டர் அடுத்த அரங்கில் வேறொருவரின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். போனை யாரோ அவர் காதில் பிடித்திருக்க வேண்டும். "நீ ஆரம்பிச்சிடும்மா. நான் இதை மூடிட்டு வரேன்."

இரண்டு ஐம்பத்தைந்துக்கு அக்கா கத்தியை வாங்கினாள்.

அம்மா துணிக் கணக்கு எழுதும் பலகையருகே நின்றாள். அரங்கில் அவள் வைத்த இன்னொரு சட்டம் உண்டு: எதைச் சொன்னாலும் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மருந்தோ, ரத்தமோ, உள்ளே வைக்கிற துணியோ. அவளே ஒருமுறையும் தவறியதில்லை.

"துணி அஞ்சு."

"துணி அஞ்சு, டாக்டர்."

"இன்னும் அஞ்சு."

"இன்னும் அஞ்சு. ஆக மொத்தம் பத்து."

ரத்தம் கீறலின் விளிம்பு வரை எழும்பி வந்தது. தம்பிக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தேடத் தோன்றியது. அக்கா தேடவில்லை. நான்கு மூலையிலும் துணியை அடைத்துவிட்டு, மயக்க டாக்டரைப் பார்த்தாள். மெல்லிய குரலில் பாடிக்கொண்டே ஊசி போடுகிறவர் என்பதால் அவருக்குத் ‘தாலாட்டு’ என்று பேர்.

"உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"ரெண்டு பாட்டில் ரத்தம் ஏறற நேரம், தாயே."

"ஏத்துங்க. அதுவரைக்கும் நான் எதையும் தொடலை."

வீட்டில் நூல் அறுந்தால் கூரை அதிரக் கத்துகிறவள் இவள். இங்கே ரத்தம் கூடக் கூடக் குரல் இறங்கியது. குரல் இறங்க இறங்க அறை முழுவதும் அடங்கியது.

"இப்ப உங்க கையைக் கொடுங்க, டாக்டர்." தம்பியின் கையை அவளே பிடித்து, விலாவுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் கொண்டுபோய் வைத்தாள். "மண்ணீரலுக்கு ரத்தம் போற காம்பு இது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

பிடித்தான். ரத்தம் நின்றது.

விரலுக்கு நடுவில் ஒரு துடிப்பு. முதலில் இழை மாதிரி, ஓடிக்கொண்டே. பாட்டில்கள் இறங்க இறங்க அது நிதானித்தது, தடித்தது. நூலாக இருந்தது கயிறாகிற மாதிரி. அவனுக்குத் தன் நெஞ்சு படபடக்கும் என்றுதான் எண்ணம். அது காலையிலிருந்து இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

அக்கா கவ்விகளைப் போட்டாள், வெட்டினாள், கட்டினாள். காலையில் நாற்காலிக் கையில் போட்ட அதே முடிச்சு. சிதைந்த மண்ணீரல் தட்டுக்குப் போனது.

மூன்று நாற்பத்தாறுக்குப் பெரிய டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "எது வரைக்கும் முடிச்சிருக்கே?"

"மண்ணீரலை எடுத்தாச்சு சார். ரத்தம் நின்னுடுச்சு."

எட்டிப் பார்த்தார். வயிற்றுக்குள் கொஞ்ச நேரம், அவள் முகத்தைக் கொஞ்ச நேரம். "அப்ப என்னை எதுக்கும்மா ஓட வெச்சே? போய் டீ குடிக்கறேன்."

இனி ஐந்து நிமிடம். அக்காவின் வழக்கம் அது. எடுத்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். யாரும் எதையும் தொடக்கூடாது. "கசியலைன்னு சொல்ல நமக்கு ஆசை இருக்கும். ஆசை இருக்கற கண்ணு சரியாப் பாக்காது. அஞ்சு நிமிஷம் கழிச்சு துணி சொல்லட்டும்" என்பாள்.

தம்பியும் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று ஐம்பது.

"சிஸ்டர், அங்க தட்டுல என் போன் இருக்கு."

"எதுக்கு, டாக்டர்?"

"படிவம். இன்னும் அனுப்பலை."

முகமூடிக்கு மேலே அம்மாவின் கண் மட்டும் தெரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

"காலையில நிரப்பியாச்சுன்னீங்களே."

"நிரப்பினேன் சிஸ்டர். அனுப்பலை. இப்ப கையுறையோட போனைத் தொட முடியாது. நீங்கதான் அமுக்கணும்."

"நான் வேணா அமுக்கிடறேனே" என்றார் தாலாட்டு.

"நீங்க உங்க மெஷினைப் பாருங்க, டாக்டர்." அம்மா போனை எடுத்தாள். "பூட்டியிருக்கு. எண் என்ன?"

தம்பி தயங்கினான். "உங்க பணி எண்தான், சிஸ்டர்."

அம்மா நான்கு இலக்கத்தையும் அமுக்கினாள்.

"திறந்தாச்சு. முதல் இடம் இதய அறுவை. இரண்டாவது பொது அறுவை. மூணாவது எலும்பு. அனுப்பிடறேன்."

"இல்லை சிஸ்டர். மாத்தணும்." தம்பியின் குரல் முகமூடிக்குள் உலர்ந்து வந்தது. "முதல் இடம் பொது அறுவை. இரண்டாவது இதயம்."

அம்மா திருப்பிச் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை.

அக்கா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "டாக்டர், இன்னிக்குப் பாத்ததை வெச்சு முடிவு பண்ணாதீங்க. இது தினம் வராது. இங்க பாதி நாள் சீழ்க்கட்டி, மீதி நாள் மூலம். ராத்திரி எந்தப் பிரிவுக்காரருக்கும் புரியாத வயித்துவலி எல்லாம் நம்ம வாசலுக்குத்தான் வரும்."

"தெரியும் டாக்டர். போன ரெண்டு மாசம் அதைத்தான் செஞ்சேன். அப்பவும் வீட்டுக்குப் போக மனசு வரலை. இதய அறுவையைப் பாத்தா எனக்குக் கைதட்டத் தோணுது. ரொம்பப் பெரிய வேலை. ஆனா இங்க நின்னா, கையை நீட்டத் தோணுது."

"அதுக்காக, கையில வந்த ஒரே இடத்தை..." என்று இழுத்தாள் அக்கா.

"மணி மூணு அம்பத்துநாலு" என்றார் தாலாட்டு. "எனக்குப் பதறுது."

தம்பி அம்மாவைப் பார்த்தான். "சிஸ்டர். திருப்பிச் சொல்லுங்க."

"முதல் இடம்..." குரல் அங்கேயே நின்றது. அம்மா போனை நேராகப் பிடித்துக்கொண்டாள். விரலால் ஒரு வரியை மேலே இழுத்தாள்.

"முதல் இடம், பொது அறுவை. இரண்டாவது இடம், இதய அறுவை. மூணாவது எலும்பு. சரியா, டாக்டர்?"

"சரி, சிஸ்டர்."

அமுக்கினாள். "அனுப்பியாச்சு. மூணு அம்பத்தஞ்சு." பழக்க தோஷம், பலகையில் துணிக் கணக்குக்குக் கீழே அந்த நேரத்தையும் எழுதினாள்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றாள் அக்கா. துணியைத் தூக்கினாள். வெள்ளையாகவே இருந்தது.

"மூடலாம்."

கை கழுவும் இடத்தில் அக்கா அவனைப் பிடித்துக்கொண்டாள். சட்டம், மரியாதை எல்லாம் அங்கே காற்றில் பறந்தது.

"அறிவிருக்காடா உனக்கு? நான் ரெண்டாவதா எழுதினதை நீ எதுக்குடா முதல்ல எழுதினே? என் மேல பரிதாபமா?"

"பரிதாபமா? உன்னைப் பாத்தா பயம்தான் வருது. இருபது நிமிஷம் இல்லைன்னு எப்படிக்கா தெரிஞ்சுது? மத்த பிரிவுக்காரங்க எல்லாம் கூப்பிட்டா வர்றவங்க. யாரைக் கூப்பிடணும்னு முடிவு பண்றவ நீ. அதைக் கத்துக்கணும்."

அக்கா முழங்கையால் குழாயைத் திறந்து, கழுவிய கையையே மறுபடி கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

பிறகு வெளியே போய், பெஞ்சில் இருந்த பெயின்டரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொல்லிவிட்டுப் போகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அந்தப் பெண் முதலில் கேட்டது, "அவர் திரும்ப ஏணி ஏறுவாரா?" என்று. "ஏறுவார். இந்தத் தடவை ஏணியை யாராவது பிடிச்சுக்கட்டும்" என்றாள் அக்கா.

ஆறரைக்கு மூன்று பேரும் வெளியே நடந்தார்கள். தம்பி கேட்டை நோக்கிப் போகிற ஒவ்வொரு அடியையும் எண்ணினான். கேட்டுக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் கிடையாது.

கேட்டைத் தாண்டினார்கள். பத்தடி போன பிறகு அம்மா வாய் திறந்தாள்.

"மருந்துக்கடைக்காரர்கிட்ட நீயே போய்ச் சொல்லிக்கோ. நான் அந்தப் பக்கமே போகப் போறதில்லை."

"சரிம்மா."

"உங்கப்பா நாளைக்கு வண்டிக் கதை சொல்லுவாரு. அதையும் நீயே கேளு."

"சரிம்மா."

இன்னும் கொஞ்ச தூரம். மழை பிடிக்கிற மாதிரி காற்று வந்தது. அம்மா அக்காவின் பக்கம் திரும்பவில்லை; நேரே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாலு வருஷமா இவ வேலை செய்யறதை நாலடி தள்ளி நின்னு பாக்கறேன். ஒரு துணி கணக்குத் தப்பினதில்லை, ஒரு தடவை குரல் உசந்ததில்லை. தெருவுல போறவங்ககிட்ட எல்லாம் உன் இடத்தைப் பத்திப் பேசினேன். இவளைப் பத்தி ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உனக்கு ஒரு மத்தியானத்துல தெரிஞ்சது, எனக்கு ஏன்டா தெரியாமப் போச்சு?"

அக்கா அம்மாவின் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். "தெரிஞ்சுதான்மா இருந்திருக்கும். கேட்டுக்கு உள்ள வெச்சுப் பூட்டிட்டே."

அம்மா சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று தம்பிக்குப் பிடிபடவில்லை.

பஸ் நிறுத்தத்தில் அக்காவின் போன் ஒலித்தது. குறுஞ்செய்தி. திரையின் வெளிச்சத்தில், பக்கத்தில் நின்ற தம்பி கண்ணிலும் அது பட்டது. அனுப்பியவர் இதய அறுவைப் பிரிவின் தலைவர்.

‘இன்றைய மண்ணீரல் கேஸ் பற்றித் தாலாட்டு சொன்னார். பொது அறுவை முடித்தவர்களுக்கு இந்த வருஷம் எங்களிடம் முதன்முறையாக ஓர் இடம் வருகிறது. மூன்று வருஷப் பயிற்சி. நாளைக் காலை எட்டு மணிக்கு வர முடியுமா?’

அக்கா அதை இரண்டு முறை படித்தாள்.

"யாருடி இந்த நேரத்துல?" என்றாள் அம்மா.

"யாருமில்லைம்மா. ஏதோ விளம்பரம்."

சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய இன்னொரு கை, அவளுக்கே தெரியாமல், சாப்பாட்டுப் பையின் வாரில் ஒரு முடிச்சைப் போட்டது. இறுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டு, பஸ்ஸின் விளக்கு தெருமுனையில் திரும்பும்போது அதை அவிழ்த்தது. மறுபடி போட்டது.